உழக்கனின் முதுகு

நெய்யை இன்னும் கொஞ்சம் சூடு பண்ணியிருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டேதான் குருணி தன் புருஷன் முதுகில் கையை வைத்தாள். ராஜா முதுகு என்று சொல்ல வேண்டும். போன மழை விட்டதிலிருந்து உழக்கன்தான் ராஜா, மலைக்குள்ளே குடியிருக்கும் குள்ளர் அத்தனை பேருக்கும் ராஜா. ஆனால் கைக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது. கைக்கு அது பழைய முதுகு, கல்யாணமான நாளாகத் தேய்த்துத் தேய்த்து எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய முதுகு. அந்த மேடுதான் இப்போது இல்லை. கழுத்துக்குக் கீழே, தோலுக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்துத் தைத்ததுபோல ஒரு மேடு இருக்குமே, அது எங்கே போயிற்று. உள்ளங்கை தேடிப் பார்த்தது, கிடைக்காமல் வழுக்கிக்கொண்டு நேரே இடுப்புக்குப் போயிற்று. நேற்று இருந்தது. நேற்று லேசாகவாவது இருந்தது என்று நினைக்கிறாள். முந்தாநாளாகவும் இருக்கலாம். வெளியே காவிக்கல் அரைக்கிற சத்தம் நிற்கவே இல்லை, விடிந்ததிலிருந்து அரைக்கிறார்கள், ஒரு வாசல்நிலையில் பூசுவதற்கு இவ்வளவு காவி எதற்கு, ஒரு கிண்ணம் போதாதா. இன்றைக்குக் காவிநாள். மலையில் குடைந்த குழல் வழியாக விழுகிற வெயில் இப்போது சுவரில் இருக்கிறது. அது இறங்கி இந்தக் கல்மேடையைத் தொடும்போது வாசல்காரர் பதக்கர் வந்து கூப்பிடுவார். உழக்கன் எழுந்து போய் எல்லா ராஜாக்களையும்போல நிமிர்வாசலுக்குள் நடப்பான். நடந்து திரும்பி வருவான். திரும்பி வருவான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் கை நின்றுவிட்டது.

"என்ன புள்ள, கை நின்னுபோச்சு?" என்றான் உழக்கன், குப்புறப் படுத்தவாறே.

"நெய் ஆறிப்போச்சுங்க."

"ஆறலை. நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்குமாம். எல்லாம் இந்த மனுஷனுக்கு நல்லாத்தான் இருக்கும். குருணி மறுபடி தோளிலிருந்து ஆரம்பித்தாள். நிமிர்வாசலைப் பற்றி அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும், பால் மறக்கும் முன்னாலேயே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மலையைக் குடைந்து குடிவந்த முதல் ராஜா தன் உயரத்துக்குச் சரியாக அந்த வாசலை வெட்டினார், இதற்குள் தலை தாழாமல் நுழைகிறவன்தான் நம்மை ஆளலாம் என்றார். உப்பு கொண்டுவருகிற நெட்டையர்கள் மலைக்குள் நுழைந்தால் ஒவ்வொரு வாசலிலும் முதுகை மடக்கி மடக்கி வருவார்கள், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். குள்ளர் யாருக்காகவும் எதற்காகவும் முதுகை வளைப்பதில்லை. கீழே விழுந்த ஊசியை எடுப்பதானால்கூட முதுகு நேராக இருக்க, கால் மடக்கி உட்கார்ந்து எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அடுப்பு ஊதுவதற்குப் படுத்துக்கொள்வார்கள். குனிவது என்கிற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. சின்ன வயதில் தண்ணீர்ச் சண்டையில் ஒருத்தியைப் பார்த்து, போடி குனிஞ்சவளே என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக அம்மா உப்புக்கல்லால் அவள் நாக்கைத் தேய்த்தாள், சாயங்காலம்வரை எச்சில் ரத்தமாக வந்தது. பருவம் மாறுகிற ஒவ்வொரு காவிநாளும் அந்த வாசலின் மேல்நிலைக்கு அடியில் ஈரக்காவி பூசுவார்கள். ராஜா தலையை மழித்துக்கொண்டு கோவணத்தோடு, தலையைத் தாழ்த்தாமல், முழங்கால் மடங்காமல் உள்ளே நடக்க வேண்டும். பதக்கரின் ஆட்கள் விளக்கைத் தாழப் பிடித்து முழங்காலையே பார்த்துக்கொண்டு கூட வருவார்கள். உள்ளே போனதும் பதக்கர் ஒரு வெள்ளைத் துணியால் ராஜாவின் உச்சியை ஒற்றி எடுப்பார். துணி வெள்ளையாக இருந்தால் வெளியே வந்து விருந்து. சிவப்பு ஒட்டியிருந்தால் துணியை மடித்து ராஜா கையிலேயே கொடுத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் வெளியே வந்து கதவுக்கல்லை இறக்கிவிடுவார்கள். யாரும் அடிப்பதில்லை, யாரும் வெட்டுவதில்லை. மலைக்கு வைத்துவிட்டோம் என்பார்கள். உள்ளேயிருந்து கொஞ்ச நாளைக்குத் தட்டுகிற சத்தம் கேட்குமாம், அது காதில் விழக் கூடாது என்று பெண்களெல்லாம் உரலைத் தெருவுக்குக் கொண்டுவந்து காளான் இடிப்பார்களாம், சத்தம் ஓயும்வரை முறை வைத்து இடிப்பார்களாம். அம்மா இடித்திருக்கிறாள். அப்போது இருந்த ராஜாவுக்கு உச்சியில் குளவி கொட்டி வீங்கியிருந்தது, வீக்கத்தின் நுனியில் ஒரு பொட்டு சிவப்பு. அவரைக் கொப்புளராசா என்று சொல்லி ஊர் இன்னும் சிரிக்கிறது. அவருக்குப் பொண்டாட்டி இருந்திருப்பாளே. அவளும் இடித்தாளா. அவளுக்கு உலக்கை யார் கொடுத்திருப்பார்கள், அவள் கையில் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் பேர் யாருக்கும் தெரியவில்லை. குருணி கேட்டுப் பார்த்துவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது, கேட்டதை யாராவது கவனித்திருப்பார்களோ, இவள் ஏன் இதைக் கேட்கிறாள் என்று.

கவனித்திருந்தால்தான் என்ன, எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், அன்றைக்கு எல்லாரும்தானே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய ராஜா தூணியார் வயதாகிச் செத்துப்போனார். அவரெல்லாம் ஆண்டாண்டாக ராஜாவாக இருந்தார், கிழவர்கள் வருஷத்துக்கு வருஷம் சுருங்கத்தானே செய்வார்கள், காவி எப்படி ஒட்டும். அதற்காகத்தான் வழக்கமாக ஒரு கிழவரையே தேடிப் பிடிப்பார்கள். ஆனால் முறை என்றால் முறை, வளர்ந்த ஆண்கள் எல்லாரும் பதக்கரின் அளவுக்கயிற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும், எல்லாரிலும் குட்டையானவன் ராஜா. உழக்கன் தவழ்குழியிலிருந்து நேரே வந்தான். தவழ்குழி என்பது செம்புக்கல் ஓடுகிற ஆகக் கீழ்ப் பொந்து, அதில் குள்ளனுக்கும் நிற்க உயரம் கிடையாது, மீசை முளைத்த காலத்திலிருந்து அவனுக்கு அதில்தான் வேலை. மார்பை முழங்காலில் வைத்துக்கொண்டு உளி பிடித்துப் பிடித்து முதுகு அரிவாள் மாதிரி ஆகிவிட்டது. அதை அவனும் அறிவான், அவளும் அறிவாள், தெருவே அறியும். ஆனால் எந்தச் சொல்லால் சொல்வது. தவழ்கிறான் என்று சொல்லலாம், அது வேலை. முதுகு வளைந்தவன் என்று சொன்னால் அது வசவு, அடிதடியில் முடியும். அதனால் யாரும் யாரையும் பார்த்து அப்படிச் சொன்னதில்லை, நினைத்ததுமில்லையோ என்னவோ. கயிற்றுக்கு முன்னால் உழக்கன் தன்னால் முடிந்த அளவு நேராகத்தான் நின்றான். அவன் ஏமாற்றவில்லை. பதக்கர் கயிற்றை இறக்கினார், இறக்கினார், இன்னும் இறக்கினார், இத்தனை திடமான ஆள் இத்தனை குட்டையா என்று கூட்டத்துக்கு மூச்சு நின்றது. பிறகு ஆரவாரம். குருணியும் சேர்ந்துதான் கத்தினாள். தெருவில் ஒருத்தி, உழக்கைக் கட்டிக்கிட்டாளேன்னு குருணியைக் கேலி பண்ணுனோம், இப்போ பாரு, ஊரையே அதுல அளக்கப் போறோம் என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். குருணிக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. எந்த நெஞ்சு நிறைந்ததோ அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருக்கிறது இப்போது. ஆனால் அப்போது அவள் எழுந்து என்ன சொல்லியிருக்க முடியும். இவர் குட்டை இல்லை, இவருக்கு வலி என்றா. ராஜாவாகப் போகிறவரைப் பார்த்து அந்த வசவைப் பொண்டாட்டியே சொல்வதா. முடிசூட்டுக்கு அவன் வாசலுக்குள் நடந்தபோது தலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு கையை நுழைத்துவிடலாம், அவ்வளவு இடம் இருந்தது. மலையே பார்த்து வைத்திருந்த ராஜா என்றார் பதக்கர்.

ராஜா எங்கேயும் தவழ வேண்டியதில்லை. ராஜா மெத்தையில் படுக்கலாம், காலையும் மாலையும் குகைப்பன்றி நெய்யைச் சூடு பண்ணித் தேய்த்துக்கொள்ளலாம், வெந்நீர்த் தொட்டியில் மல்லாந்து கிடக்கலாம். முதல் கொஞ்ச நாள் அவன் மெத்தையில் உருண்டு உருண்டு படுத்தான், மல்லாக்கப் படுத்தால் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் காலையில் பார்த்தாள், அவன் மல்லாந்து, தலையணையில் தலை பட, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முகம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அப்படிப் பார்த்ததே இல்லை, கிட்டே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு பயமும் தோன்றவில்லை. பயம் துணியிலிருந்து வந்தது. முடிசூட்டுக்குத் தைத்த அங்கி கணுக்காலைத் தொட்டது, அது மேலே ஏறியிருந்தது. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள். மறுபடி ஏறியது. மறுபடி இறக்கினாள். அதற்குமேல் இறக்க மடிப்பில் துணி இல்லை. சுவரில் துண்டு மாட்டுகிற முளை ஒன்று இருக்கிறது, பழைய ராஜாவின் ஆட்கள் அடித்தது, அவனுக்கு அது எட்டியதே இல்லை, அவள்தான் வாங்கி மாட்டுவாள். ஒருநாள் அவன் பேசிக்கொண்டே போய்த் துண்டை அதில் மாட்டிவிட்டு வந்தான். மாட்டியது அவனுக்கே தெரியவில்லை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், கஞ்சி பொங்கி வழிந்தது. அன்றைக்கு இரவு மெத்தையில் கிடந்து அவன் சொன்னான், குருணி, உன் முகத்தை நான் இவ்வளவு நாளாப் பக்கவாட்டுலேர்ந்துதான் பாத்திருக்கேன், கீழேர்ந்து மேல எட்டிப் பாத்திருக்கேன், இப்பத்தான் நேருக்கு நேரா பாக்குறேன், உனக்கு இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கே அது எப்போ வந்துச்சு. அது அவள் பிறந்தபோதே இருந்தது. அதை அவனிடம் சொல்லாமல், இப்பத்தான் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்னும் தெரியவில்லை. தேய்ப்பதை நிறுத்திவிடலாம் என்று நினைத்து, நெய் தீர்ந்துபோச்சு என்று சொல்லி, கொஞ்ச நாள் நிறுத்தியும் பார்த்தாள். நடு முதுகு பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்தான். அவளால் கேட்டுக்கொண்டு கிடக்க முடியவில்லை, எழுந்து போய்ப் பானையை எடுத்து வந்தாள். தீர்ந்துபோச்சுன்னே என்றான். மூலையில ஒண்ணு இருந்துச்சு என்றாள். தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவன் நீண்டான். தன் கையாலேயே அவனை இழுத்து இழுத்து அந்த நிலைக்கல்லுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறாள், தெரிந்தேதான், இதோ இப்போதும்.

வெயில் சுவரில் பாதிக்கு வந்துவிட்டது.

இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, எலும்பை ஒட்டி ஒரு குழி இருக்கிறது. கை அங்கே வரும்போது தானாகவே சுற்றிக்கொண்டு போகிறது. கல்யாணமான புதிதில் தெரியாமல் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டாள். தொட்டதும் மரவட்டை சுருளுமே, அப்படிச் சுருண்டான். கத்தக்கூட இல்லை. நிமிர முடியாமல் நாள்கணக்கில் கிடந்தான், அவள் கஞ்சியைப் பக்கவாட்டில் ஊட்டினாள், மாமியார் இவ கை கையா இல்ல கடப்பாரையா என்றாள். அன்றிலிருந்து அந்தக் குழியை விரல் தொட்டதில்லை, ஓரத்தில் வட்டம் போட்டு இளக்கிவிட்டுப் போய்விடும், அதற்கு அவள் யோசிக்க வேண்டியதே இல்லை. அந்த இடத்தைத்தான் நேற்று நாழி மதினி சொன்னாள். நாழி உழக்கனின் அக்கா, வாய் நீளம், ஆனால் தம்பி என்றால் உயிர். அவனுக்குத் தலை மழிக்க வந்தவள், மழித்து முடித்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டே குருணியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏடி, கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு?"

"என்ன மதினி."

"என்ன மதினியாம். அவன் தலைய மழிக்க நான் முக்காலி போட்டு ஏறுனேன்டி. போன தடவ உக்காந்துக்கிட்டே மழிச்சேன்."

குருணி கஞ்சிப் பானையைத் துழாவினாள். பேசினால் அந்தச் சொல் வந்துவிடும்.

"அந்த இடம் இருக்குல்ல," என்றாள் நாழி, குரலே இல்லாமல். "எங்கம்மா உன்னைத் திட்டுனாளே, அந்த இடம். கிளம்பறதுக்கு முந்தி வச்சு ஒரு அழுத்து. சுருண்டுக்குவான். சுருண்டுக்கிட்டே நடந்து போயி வந்துருவான்."

"வலிக்கும் மதினி."

"வலிக்கட்டும்டி. வலிச்சா உசுரு இருக்குன்னு அர்த்தம். அவன்கிட்டக் கேக்காத, கேட்டா வேணாம்பான். உன் கைதான், வேற யாரு கையும் அவன் முதுகுல படாது." போகும்போது திரும்பி, "அழுத்துறப்போ மூஞ்சியப் பாக்காத" என்றாள்.

அதனால்தான் குப்புறப் படுக்கச் சொன்னாள். எப்போதும் முதலில் கால், பிறகுதான் முதுகு, இன்றைக்கு முதுகிலேயே ஆரம்பித்துவிட்டாள், அதை அவன் ஏன் என்று கேட்கவும் இல்லை. ஒரு அழுத்து, அவ்வளவுதானே. இந்தக் காவிநாளைக்கு ஒரு அழுத்து. அடுத்த காவிநாளைக்கு? அதற்குள் அவன் இன்னும் நீண்டிருப்பான், இன்னும் ஒரு அழுத்து. அதற்கு அடுத்ததற்கு? அவன் கிழவனாகிச் சுருங்குகிறவரை பருவத்துக்குப் பருவம் இளக்கிவிடுவதும் முறிப்பதுமாக இந்தக் கை இருக்க வேண்டும். இருக்கட்டுமே. இருந்தால் என்ன. எத்தனை பொண்டாட்டிகள் எத்தனை செய்கிறார்கள். பதவியை இறக்கி வைத்துவிட்டுத் தவழ்குழிக்கே போய்விட முடியாதா என்று ஒருநாள் பதக்கரிடம் வேறு ஒருவருக்குக் கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தாள், ராஜாவை மலைதான் இறக்கும்மா என்று சிரித்தார். ஓடிப்போனால் என்ன என்றும் நினைத்தாள். நெட்டையர் வாசல் வழியாக, உப்பு வண்டியில், சாக்குக்குள். ராஜாவுக்குப் பின்னாலும் முன்னாலும் எப்போதும் ஆள். இன்றைக்கு ஆள் அதிகம். இன்றைக்கு எல்லாருமே அவளிடம் பிரியமாக இருக்கிறார்கள், அதுதான் பிடிக்கவில்லை. தண்ணீர்க்காரி இரண்டு குடம் கூட ஊற்றினாள். எதிர்வீட்டுக்காரி, அவள் வாழ்நாளில் ஒரு வாய் உப்பு கொடுத்தவளில்லை, ஒரு கிண்ணம் தேன்காளான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்று குருணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சூடாக, மாவு ஒட்டி, மெத்தென்று இருந்தது. உரலைக் கழுவி வைத்திருக்கிறாளா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. விடிந்தபோது பதக்கரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ராஜா நல்லாத் தூங்கினாங்களாம்மா என்றார். தூங்கினாங்க என்றாள். கொடியில் தொங்கிய அங்கியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். துவைச்சதுல சுருங்கிருச்சோ என்றார். ஆமாங்க, சுருங்கிருச்சு என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டார், என் வீட்டுத் துணியெல்லாம் நைஞ்சுதான் போகுது, சுருங்க மாட்டேங்குது என்றார். அளவு தெரிந்தவர். அவருக்கு மட்டும் முதல் நாளே தெரியாமலா இருக்கும், ஒரு முதுகைப் பார்த்தால் எத்தனை சுருட்டி வைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா. தெரிந்து என்ன செய்வார். அவருக்கும் அந்தச் சொல் கிடையாதே. ஊரில் ஒரு சொல் இல்லாததால் ஒரு ஆள் சாவானா. அப்படியும் உண்டா. இப்போது, இப்போது அழுத்திவிட வேண்டும், கட்டைவிரலை இப்படி வைத்து, உடம்புப் பாரத்தை இப்படிக் கொடுத்து. விரல் குழியின் விளிம்புவரை போயிற்று. அவன் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கியது. எவ்வளவு அகலமாக ஏறுகிறது, முன்பெல்லாம் அவனுக்கு மூச்சு பாதியிலேயே நின்றுவிடும், நெஞ்சுக்குள் இடமே இருக்காது. விரல் வட்டம் போட்டுக்கொண்டு கீழே போயிற்று. அடுத்த தடவை. தோளிலிருந்து வந்து, அடுத்த தடவை. அடுத்த தடவையும் விரல் சுற்றிக்கொண்டுதான் போயிற்று. நாசமாய்ப் போகிற விரல்.

வெயில் மேடையின் விளிம்பில் விழுந்தது. வெளியே அரைக்கிற சத்தம் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு நேரமாகத் தனக்குத் துணையாக இருந்தது என்று தெரிந்தது. வாசலுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ராஜா," என்றார் பதக்கர் வெளியிலிருந்து. முறைப்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும், மூன்றாவது அழைப்புக்கு ராஜா வெளியே வந்தாக வேண்டும். இது முதலாவது.

உழக்கன் எழுந்திருக்கவில்லை. முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான்.

"குருணி."

"ம்."

"அக்கா நேத்து உன்கிட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

நெய்க்கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நீயாச் செய்வேன்னு பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்," என்றான். "காலையிலேர்ந்து. உன் கை அங்க வர்றப்பல்லாம் பல்லைக் கடிச்சுக்கறேன். சுத்திக்கிட்டுப் போயிருது."

"முடியலைங்க."

"ராத்திரி நீ தூங்குனப்புறம் அங்க போயி நின்னு பாத்தேன். காவலுக்கு இருந்தவங்க தூங்கிட்டாங்க, யாரும் பாக்கலை. தலை முட்டுது, குருணி. லேசா இல்ல, நல்லாவே முட்டுது." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் முதுகு, அவள் கைக்கடியில் இருந்த முதுகு நடுங்க ஆரம்பித்தது, குளிரில் நடுங்குகிற கன்றுக்குட்டியின் தோல்போல அங்கங்கே துள்ளியது. "நான் ரொம்ப யோசிச்சேன். நேரா நடந்தே போயிரலாம்னு நினைச்சேன். இவ்வளவு நாள் தவழ்ந்தது போதும்னு. அப்படி நினைக்க நல்லாத்தான் இருந்துச்சு. விடிஞ்சதும் பயமா இருக்கு. அந்தக் கல்லு இறங்குனப்புறம் உள்ள இருட்டா இருக்கும்ல. இருட்டு எனக்குப் புதுசில்ல, ஆனா தவழ்குழியில உளிச்சத்தமாவது கேக்கும், பக்கத்துல ஒரு ஆளு இருமுவான்." மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எனக்குச் சாக வேணாம் புள்ள. என்னைக் குனிய வச்சுரு."

சொல்லிவிட்டான். அந்தச் சொல்லை ஒரு ஆண்பிள்ளை தன்னைப் பற்றித் தானே சொல்லி அவள் கேட்டதில்லை. நாக்கில் உப்புக் கரித்தது. "ராஜா" என்றார் பதக்கர் வெளியில், இரண்டாவது. குருணி மேடைமேல் ஏறினாள். அவன் இடுப்புக்கு இருபுறமும் முழங்காலை ஊன்றிக்கொண்டாள், கட்டைவிரல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். அவனே சொல்லிவிட்டான், இனி என்ன, இனி இது பாவம்கூட இல்லை, மருந்து, பிழைக்கட்டும், பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு பிழைக்கட்டும், கஞ்சியைப் பக்கவாட்டில் ஊட்டிக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பின் பாரம் முழுவதையும் கையில் இறக்கினாள். இறக்கினாளா? இறக்கத்தான் செய்தாள், தோள் இறங்கியது, முழங்கை இறங்கியது, மணிக்கட்டுவரை வந்த பாரம் அங்கே ஏதோ ஒரு மடையில் திரும்பிக்கொண்டது. விரல்கள் அவளைக் கேட்கவில்லை. குழியின் ஓரத்தில், அவை எத்தனையோ காலமாகப் போட்ட அதே வட்டத்தைப் போட்டன, ஆழமாக, இத்தனை நாள் போட்டதைவிட ஆழமாக, எலும்புக்குள் ஒளிந்திருந்த கடைசி முடிச்சை எட்டிப் பிடித்து அவிழ்த்தன. அவன் உடம்பில் எங்கேயோ கட் என்று சன்னமாக ஒரு சத்தம். நடுக்கம் நின்றது. உழக்கன் நீளமாக மூச்சை விட்டான், அந்த மூச்சு வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தாள். அவன் எழுந்து கல்மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்த அவன் தலை, மேடைமேல் முழங்காலிட்டிருந்த அவள் தலைக்குச் சமமாக இருந்தது. "சத்தம் கேட்டுச்சு," என்றான் மெதுவாக, கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் தடவிக்கொண்டு. அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். "வலிக்கவே இல்லை புள்ள. இவ்வளவு லேசா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா இத்தனை பயந்திருக்க மாட்டேன். அன்னைக்கு வலிச்சுச்சே." எழுந்து நின்றான். தன் உடம்பைத் தான் பார்த்துக்கொள்ள அவனுக்கு எப்படி முடியும். இத்தனை காலம் வளைந்தே இருந்தவனுக்கு எது நேர், எது வளைவு என்று உள்ளேயிருந்து எப்படித் தெரியும். ஒரு வலி போனதையும் ஒரு வலி வந்ததையும் தவிர அவன் முதுகைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும், அவளுக்குத்தானே தெரியும். அவன் அவளுக்கு முன்னால் நின்றான், கல்தூண்போல நின்றான்.

"நல்லாக் குனிஞ்சிருக்கேனா?" என்றான்.

இப்போது சொல்லலாம். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் மறுபடி படுப்பான், மறுபடி கை சுற்றிக்கொண்டு போகும், அதற்குள் மூன்றாவது அழைப்பு வந்துவிடும், ஆட்கள் உள்ளே வருவார்கள், அவன் நடுங்கிக்கொண்டு போவான், அந்த வாசல்வரை ஒவ்வொரு அடியும் நடுங்கிக்கொண்டு. சொல்லாவிட்டாலும் அதே வாசல்தான். நடுவில் இருப்பது ஒரு நடை. வாசல்வரை ஒரு தெரு தூரம், இருபுறமும் ஜனம், பூ. அதற்குமேல் அவளிடம் கொடுப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். நெய்க்கையால் அவன் தோளைத் தொட்டாள்.

"நல்லா," என்றாள்.

"ராஜா," என்றார் பதக்கர்.

அவன் சிரித்தான், குறும்பு பண்ணிவிட்டு மாட்டிக்கொள்ளாத ஆள் மாதிரி. "வந்து சாப்பிடறேன். அந்தத் தேன்காளானை நீயே தின்னுறாத" என்றான். திரும்பி வாசலைத் தாண்டித் தெருவில் விழுந்த குழல்வெயிலுக்குள் போனான். வெளியில் கூட்டம் ஓவென்று வாழ்த்தியது, பிறகு அந்த வாழ்த்து முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டே போயிற்று. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அவன் மட்டும்தான் பார்க்கவில்லை. அவன் வீசி நடந்தான், மொட்டைத்தலை கூட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை எழும்பித் தெரிந்தது, இருபுறமும் தலையசைத்துக்கொண்டே போனான்.

விருந்துச் சமையலுக்கு வந்திருந்த நாழி மதினி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "செஞ்சியாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் பதிலுக்குக் காத்திராமல் வாசலில் போய் நின்று தம்பியின் முதுகைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று குருணி காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும். நாழி திட்டவில்லை. முதுகு நேராக இருக்க மெதுவாகக் கால் மடக்கித் தரையில் உட்கார்ந்தாள், கையைத் தூக்கித் தன் கொண்டையை அவிழ்த்து முடியை விரித்துவிட்டாள், பக்கத்தில் தரையைத் தட்டிக் குருணிக்கு இடம் காட்டினாள். தெருவில் அவன் இன்னும் நடந்துகொண்டிருந்தான்.